ஏணி போடலாமா, ஆள் கூப்பிடலாமா? மலை வீட்டுக் கேள்வி-பதில்

மே மாதம் மலர்க்கண்காட்சிக் கூட்டம் இறங்கிப் போனதும் நீலகிரியில் எல்லோரும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுவோம். முதலில் வானத்தை, அப்புறம் கூரையை. மழைக்கு முன்னால் எதைத் தானே செய்து முடிப்பது, எதற்கு ஆள் வைப்பது என்று வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். குன்னூரில் 28 வருஷமாக வீட்டு மராமத்து வேலை எடுத்துச் செய்பவன் நான். 'எல்லாவற்றுக்கும் ஆள் வையுங்கள்' என்று சொன்னால் எனக்குத்தான் லாபம். ஆனாலும் அப்படிச் சொல்லப்போவதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஷீட் கூரை. போன வருஷ மழையில் ஹாலில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்தோம். மேஸ்திரி இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் கூலி கேட்கிறார். என் கணவர், 'நானே ஏறி எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறேன்' என்கிறார். ஏற விடலாமா?
– ஆசிரியை, கோத்தகிரி

முதலில் ஒரு விஷயம் சொல்லுங்கள் அம்மா, அது என்ன ஷீட்? தகரமா, சிமெண்ட் ஷீட்டா? பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

சிமெண்ட் ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உங்கள் கணவர் ஏற வேண்டாம். வெயிலும் பனியும் மாறி மாறிப் பட்ட பழைய ஷீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், கால் வைத்தால் அப்பளம். ஒரு தடவை நானே விழுந்திருக்கிறேன். 'படக்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது, அடுத்த நொடி கீழே குடோனில் உருளைக்கிழங்கு மூட்டைகள் மேல் கிடந்தேன். மூட்டை இல்லாத இடத்தில் விழுந்திருந்தால் இந்தப் பதிலை எழுத ஆள் இருந்திருக்க மாட்டான். தெரிந்தவர்கள் ஷீட்டின் மேல் நேராக மிதிப்பதே இல்லை. அடியில் சட்டம் ஓடும் இடம் பார்த்து, குறுக்கே பலகை போட்டு, பலகை மேல்தான் போவார்கள். வருகிற ஆள் பலகை இல்லாமல் ஏறினால் அவரையும் இறங்கச் சொல்லுங்கள். இன்னொன்று, அந்த ஷீட்டை அறுப்பது, துளை போடுவது, பாசி போக உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பது எதுவும் வேண்டாம். அதில் பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

தகரம் என்றால் கதை வேறு. பாதி வேலையைத் தரையில் நின்றபடியே நீங்கள் செய்யலாம். நல்ல வெயில் நேரத்தில் ஜன்னல் கதவையெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்து, ஐந்து நிமிஷம் கண் பழகும்வரை நின்று மேலே பாருங்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும். அடியில் இருக்கிற சட்டத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். பாத்திரம் வைத்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி நடந்து வந்து, தனக்குப் பிடித்த இடத்தில்தான் சொட்டும்.

பெரும்பாலும் குற்றவாளி ஷீட் இல்லை, போல்ட்டின் கீழே இருக்கும் வாஷர். தார் வாஷர் நாளாக ஆக வெடித்து உதிர்ந்துவிடும். கூரை ஓரமாக, ஏணியில் நின்றே கை எட்டும் இடத்தில் மூன்று நான்கு போல்ட் என்றால் உங்கள் கணவரே வாஷரை மாற்றி முறுக்கலாம். ஏணியின் கால், சுவரிலிருந்து உயரத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளி இருக்க வேண்டும். 12 அடி உயரத்துக்கு 3 அடி. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் முற்றத்துப் பாசியில் ஏணி வழுக்குவதற்கு மழைகூட வேண்டாம், காலைப் பனி போதும்.

புதிதாக ஆணியோ ஸ்க்ரூவோ போடுவதாக இருந்தால் ஷீட்டின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போடாதீர்கள். பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது. இந்தச் சின்ன விஷயத்தில் தப்பு செய்த ஆட்களின் வேலையைத் திருத்தியே நான் ஒரு பெண்ணைக் கல்லூரி அனுப்பியிருக்கிறேன். எம்-சீல் தற்காலிகத்துக்குத்தான். வெயிலில் தகரம் விரிந்து இரவில் சுருங்கும்போது அது பிட்டுக்கொண்டு வந்துவிடும். கூரை நடுவில், முகட்டுப் பக்கம் வேலை என்றால் மேஸ்திரிக்கு இரண்டு நாள் கூலி அதிகமில்லை. ஆனால் குறி போட்ட இடங்களைக் காட்டி, 'இதற்கு எவ்வளவு?' என்று மறுபடி கேளுங்கள். ஒரு நாளாகக் குறையும்.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூசணம். வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறேன், ஆகஸ்டில் திரும்ப வருகிறது. வாட்டர்ப்ரூஃபிங் செய்ய ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள்.
– ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்

பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் சமையலறையிலிருந்து அலுமினிய ஃபாயில் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி எடுங்கள். பூசணம் இருக்கிற இடத்தைத் துடைத்துக் காயவைத்து, ஃபாயிலை ஒட்டி, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் போடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஃபாயிலின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஓதம் சுவர் வழியாக வருகிறது.

ஊட்டியில் நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் முதல் வகை. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதில்லை. குளியலறை ஆவி, அரிசி வேகும் ஆவி, மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயவைக்கும் துணி, எல்லாம் சேர்ந்து வீட்டிலேயே மிகக் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. அதற்கு எவ்வளவு விலையுயர்ந்த கோட்டிங் அடித்தாலும் பூசணம் கோட்டிங்கின் மேலேயே முளைக்கும். குளியலறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், மதியம் ஒரு மணி நேரம் எதிரெதிர் ஜன்னல் திறப்பது, பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது, இதெல்லாம் நீங்களே செய்யலாம். பூசணத்தைத் துடைக்கும்போது முகக்கவசம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சிங் கரைசலோடு வேறு எந்தக் கழிவறை ஆசிட்டையும் கலந்துவிடாதீர்கள், விஷப்புகை வரும்.

சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் வெளியே போய்ப் பாருங்கள். மேட்டுப் பக்க மண் சரிந்து சுவரோடு ஒட்டி, தளமட்டத்துக்கு மேலே ஏறியிருக்கும், இல்லாவிட்டால் கூரைத் தண்ணீர் குழாய் உடைந்து சுவரிலேயே வழியும். மண்ணை வெட்டித் தள்ளி ஒரு வாய்க்கால் எடுப்பதற்கு மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

உங்களுடையது பழைய பங்களாவாக, மண்ணோ சுண்ணாம்போ வைத்துக் கட்டிய கல் சுவராக இருந்தால் மட்டும் ஆளைத் தேடுங்கள். அதிலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளை. அந்தச் சுவர் ஈரத்தைக் குடித்து, வெயிலில் வெளியே விடும் சுவர். மேலே சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி. உள்ளுக்குள்ளேயே ஊறி, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்.

கேள்வி: கீசர் போட்டிருக்கும்போது குழாயைத் தொட்டால் லேசாகச் 'சுர்' என்கிறது. யூடியூப் பார்த்து எலிமெண்ட், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பியை மாற்றக் கற்றுக்கொண்டேன். பாகம் வாங்கிவிடவா?
– கல்லூரி மாணவர், வெலிங்டன்

வாங்காதே தம்பி. இப்போதே எழுந்து போய், மெயின் பெட்டியில் கீசருக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கு, மீதியை அப்புறம் படி.

எலிமெண்ட் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாய் சுர் என்றால் எலிமெண்ட் போனது மட்டும் காரணம் இல்லை. எலிமெண்ட் போயும் எர்த் சரியாக இருந்தால் கரண்ட் மண்ணுக்குள் போயிருக்கும், உன் கைக்கு வந்திருக்காது. ஆக உன் வீட்டில் எர்த் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற காவல்காரனும் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை. எலிமெண்ட்டை மட்டும் மாற்றினால் அடுத்த எலிமெண்ட் போகிற நாள்வரை உயிர் தவணையில் இருக்கும். ஈரக் கால், ஈரக் கை, இரும்புக் குழாய் மூன்றும் சேர்ந்த இடத்தில் 'லேசாக' என்று எதுவும் கிடையாது.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றைக் கேள். எர்த்தைக் கருவி வைத்து அளக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட வேண்டும். கீசருக்குத் தனி ஒயர் இழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் என்றால் 13. விளக்குக்கு இழுத்த ஒயரில் அதைச் சொருகியிருக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி சுடும்.

ஆர்.சி.சி.பி. போட்ட பிறகு உனக்கு ஒரு வேலை உண்டு. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கு. பட்டென்று விழுந்தால் அது உயிரோடு இருக்கிறது.

கேள்வி: குழாய் சொட்டுகிறது. பிளம்பர் வரவே மாட்டேன் என்கிறார்.
– அருவங்காடு

இத்தனை சின்ன வேலைக்கு அவர் ஏன் வருவார்? பஸ்ஸுக்கே பாதி நாள் போய்விடும். நீங்களே செய்யுங்கள். டேங்க் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை விட்டு, தலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் வாஷரை எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அளவு சொல்லிக் கேட்டால் தப்பாகத்தான் தருவார்கள். ஸ்பேனர் பிடிக்கும் இடத்தில் ஒரு துணியைச் சுற்றினால் முலாம் போகாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்குச் சுமார் 20 லிட்டர். குன்னூருக்குக் குடிநீர் தரும் ரேலியா அணை வற்றும் கோடையில் குடத்தோடு நின்றவர்களுக்கு அந்த 20 லிட்டரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மழை வந்தால் முன்கதவு சாத்துவதில்லை, இடுப்பால் இடிக்க வேண்டியிருக்கிறது. நானே இழைப்புளி போட்டுச் சீவிவிடலாமா, ஆசாரி வேண்டுமா?
– மஞ்சூர்

ஆசாரி வேண்டாம். பிப்ரவரி வேண்டும்.

என் கல்யாணம் முடிந்த வருஷம் ஒரு ஜூலையில், மாமனார் வீட்டுக் கதவை வீரமாகச் சீவிக் கொடுத்தேன். வெண்ணெய் மாதிரி சாத்தியது. பிப்ரவரியில் போனால் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிறது, அந்த வழியாகப் பனிக்காற்று வருகிறது, மாமனார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னையே பார்க்கிறார். ஈரத்தில் ஊதிய மரம் காய்ந்தால் சுருங்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்போதைக்கு இடிக்கிற ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். கீல் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்கியிருந்தால் முறுக்குங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். எங்கே இடிக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். காய்ந்த மாதத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துக் கொஞ்சமாகச் சீவி, உடனே வார்னிஷ் அடியுங்கள். கதவின் மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டுக்கும் அடிக்க வேண்டும். அங்கேதான் யாரும் அடிப்பதில்லை, அங்கேதான் மரம் தண்ணீர் குடிக்கிறது.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 10 அடித் தடுப்புச் சுவர். நடுவில் கொஞ்சம் புடைத்த மாதிரி இருக்கிறது, ஒரு விரிசலும் தெரிகிறது. சிமெண்ட் கலவை வைத்து அடைத்து, மேலே பூசிவிடலாம் என்று இருக்கிறேன்.
– குன்னூர், ஓட்டுப்பட்டறை

பூசாதீர்கள். இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் தப்பு செய்தால் பணம் போகும், அல்லது ஒருவருக்கு ஆபத்து. இதில் தப்பு செய்தால் தூங்கிக்கொண்டிருக்கிற குடும்பம் மொத்தத்துக்கும். 2009 நவம்பரை நம் ஊரில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. சில நாள் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மண் மூடியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி மழையில் சுவருக்குப் பின்னால் இருக்கும் மண், மண்ணாக இருக்காது, கூழாக இருக்கும். சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரின் பாரம்தான்.

விரிசலை அடைத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு இருந்த ஒரே வாசலையும் மூடுகிறீர்கள். சுவர் நகர்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாமலும் போய்விடும்.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளைகளை எண்ணுங்கள். கம்பி விட்டுக் குத்தி, வேர், மண், எலி சேர்த்த குப்பையை இழுத்துப் போடுங்கள். பலத்த மழையில் துளையில் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் உள்ளே அடைப்பு. தெளிவான தண்ணீர் வந்தால் நல்லது. செம்மண் கரைந்து வந்தால் பின்னால் மண் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுவருக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி வழிவது, துணி துவைக்கும் கல், குளியலறைத் தண்ணீர் எதுவும் அந்த மண்ணுக்குள் இறங்கக் கூடாது. குழாய் போட்டு வேறு பக்கம் திருப்புங்கள்.

அப்புறம் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் சிமெண்ட் பாலில் ஒட்டுங்கள். கண்ணாடி வெடித்தால் சுவர் நகர்கிறது. மேலிருந்து கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்டு, புடைப்பு எத்தனை அங்குலம் என்று குறித்து வையுங்கள்.

இதோடு உங்கள் பங்கு முடிந்தது. சிவில் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். மேஸ்திரி போதாது, நான்கூடப் போதாது. புதிதாகக் கட்டுவது, சரிவை வெட்டுவது என்றால் அனுமதி வாங்க வேண்டும், ஜே.சி.பி. போன்ற இயந்திரம் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தனியாக வேண்டும். 'ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடலாம் சார்' என்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மழையில் திடீரென்று கதவு இறுகினாலும், தரையில் புது விரிசல் வந்தாலும், மேலே மரமோ கம்பமோ சாய்ந்தாலும், யாரையும் கேட்க வேண்டாம், வீட்டை விட்டு வெளியேறி 1077-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: காட்டேஜில் பழைய கணப்பு இருக்கிறது. பற்ற வைத்தால் புகை அறைக்குள் திரும்புகிறது. அதனால் விருந்தினர்களுக்குச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைக்கிறோம். சரிதானே?
– கொடைக்கானல்

சரியில்லை. இன்றோடு நிறுத்துங்கள். புகை கண்ணை எரிக்கும், எழுப்பிவிடும். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவரை எழுப்புவதும் இல்லை. குளிருக்கு ஜன்னலை இறுக்கிச் சாத்திய அறையில் காலையில் கதவைத் தட்டினால் பதில் வராது. உங்கள் கொடைக்கானலிலும் எங்கள் நீலகிரியிலும் இப்படிப் போனவர்கள் உண்டு.

கணப்புக்கு வருவோம். அடுப்பு வாயில் ஒரு ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டு மேலே போனால் வழி திறந்திருக்கிறது. அலைந்து உங்கள் பக்கமே வந்தால் புகைபோக்கியில் பறவைக் கூடோ கரிப்பிசினோ அடைத்திருக்கலாம். மேலே ஏறி அதைச் சுத்தம் செய்வது, தெரிந்த ஆளின் வேலை. பழைய செங்கல் புகைபோக்கியில் சாந்து உதிர்ந்திருந்தால் நெருப்பு பக்கத்து மரச்சட்டத்துக்குப் போகும், அதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது. ஒரு ஆள் இறங்கிச் சுத்தம் செய்கிறேன் என்கிறார், கழிவை உறிஞ்சும் லாரியைவிட மலிவு.
– கூடலூர்

நீங்களும் இறங்கக் கூடாது, அவரும் இறங்கக் கூடாது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். லாரி வீடு வரை வராவிட்டால் நீளக் குழாய் உள்ள லாரியைக் கேளுங்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன், ஊட்டியில் அப்பா விட்டுப்போன வீடு. மொட்டை மாடி ஒழுகுகிறது. வேலை தெரியாது, ஆள்தான் வைக்க வேண்டும். ஏமாறாமல் எப்படி வைப்பது?

ஆள் வைப்பதிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது சார். ஒரு தடவை மழையோடு மழையாக வந்து, எங்கே ஒழுகுகிறது என்று போன் கேமராவில் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் வருகிற எந்த ஆளுக்கும் மாடி முழுக்க ஒழுகுகிற மாதிரிதான் தெரியும். எடுக்கும்போதே மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் இலை, குரங்கு போட்ட குப்பை அடைத்திருக்கிறதா பாருங்கள். பாதி ஒழுகல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஜூன், ஜூலையில் 'இப்போதே கோட்டிங் அடித்துவிடலாம்' என்றால் சம்மதிக்காதீர்கள். ஈரத் தளத்தில் எந்தக் கோட்டிங்கும் பிடிக்காது. இந்த மழைக்குத் தார்ப்பாய் போதும். டிசம்பர், ஜனவரியிலும் அவசரப்படாதீர்கள். தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகிற இரவில் புதுப் பூச்சு இறுகாது, உறைந்து உதிரும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை நல்ல காலம். ஏப்ரல் வந்தால் சீசன், ஆட்கள் எல்லோரும் ரிசார்ட் வேலைக்குப் போய்விடுவார்கள், கூலியும் ஏறும்.

இரண்டு பேரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள். கூலி தனி, பொருள் தனி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றி வரும் வண்டி வாடகை தனி என்று எழுதி வாங்குங்கள். 'மொத்தமாக இவ்வளவு' என்பவரிடம், 'எத்தனை மூட்டை சிமெண்ட் வரும்?' என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவர் மாடியை ஒரு நடை நடந்துவிட்டுச் சொல்லிவிடுவார். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். கீழே கறை வரவில்லை என்றால் பெரும்பகுதியைக் கொடுத்துவிடலாம்.

பத்தில் ஒரு பங்கை மட்டும் முதல் பெருமழை வரை நிறுத்தி வையுங்கள். என் வாடிக்கையாளர்கள் சிலர் எனக்கு அப்படித்தான் தருகிறார்கள். முனகிக்கொண்டேதான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்கிறேன்.